இளமரமும் கிழட்டு மரமும்: டோரண்ட் ரேஷியோவின் கணக்கு

மூடிய டிராக்கர் எதிலாவது உறுப்பினராக இருந்தவர்களுக்கு ரேஷியோ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்த எண் எப்போதாவது அவர்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டோரண்டில் ஒரு கோப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் தளம் டிராக்கர். டோரண்ட் வழியாக நீங்கள் பிறருக்குக் கொடுத்த அளவை, நீங்கள் எடுத்துக்கொண்ட அளவால் வகுத்தால் வருவது ரேஷியோ. 10 ஜிகாபைட் இறக்கி 5 ஜிகாபைட் ஏற்றியிருந்தால் 0.5. எடுத்த அளவே கொடுத்திருந்தால் 1. யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றிருக்கும் திறந்த டிராக்கர்களில் இதை எவரும் கேட்பதில்லை. அழைப்பு பெற்று உள்ளே போகும் மூடிய டிராக்கர்களில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே அது நிற்கும். வரம்புக்குக் கீழே இறங்கினால் சிவப்பாகும். சிவப்பிலேயே கிடந்தால் முதலில் இறக்கும் உரிமை போகும், பிறகு கணக்கே போகும்.

இந்த எண்ணை எப்படி நல்லபடியாக வைத்துக்கொள்வது என்று கேட்டால், பழகியவர்கள் ஆளுக்கு நாலு வழி சொல்வார்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்வார்கள். எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த எண்ணின் மேல்தான். அது அளப்பது ஒருவருடைய கொடுக்கும் மனதையா, அவர் வீட்டுக்கு வரும் கம்பியையா? மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவரில் உட்கார்ந்துகொண்டு சில ஆண்டுகள் இந்த எண்ணோடு மல்லுக்கட்டியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் டோரண்டுக்கு மூலமான பிட்டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையை 2001-இல் வெளியிட்டபோது அதில் ரேஷியோ கிடையாது. அவர் வைத்தது அந்த நேரத்துக் கொடுக்கல் வாங்கல் மட்டும். கோப்பைச் சிறு சிறு துண்டுகளாக்கி, உன்னிடம் இல்லாத துண்டை நான் தருகிறேன், என்னிடம் இல்லாததை நீ தா என்று கணினிகள் தங்களுக்குள் பேரம் பேசிக்கொள்ளும். யார் நமக்கு அதிகம் தருகிறார்கள் என்று மென்பொருள் 10 நொடிக்கு ஒருமுறை பார்க்கும். அப்படித் தரும் சிலருக்கு வழியைத் திறந்து, மற்றவர்களுக்கு அடைத்துவிடும். 30 நொடிக்கு ஒருமுறை, முன்பின் தெரியாத ஒருவருக்கும் வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கும். புதிதாக வந்தவன் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்காதே, அவனும் பிழைக்க வேண்டுமே! 2003-இல் எழுதிய ஆய்வுரையில் கோஹன் இந்த ஏற்பாட்டைத்தான் பிட்டோரண்டின் பலமாகக் காட்டுகிறார்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. கோப்பு முழுதாக வந்து சேர்ந்த பிறகு எனக்கு யாரிடமும் எதுவும் தேவையில்லை. ஆகவே யாருக்கும் கொடுக்கக் காரணமும் இல்லை. வந்ததா, மூடு. அடுத்த மாதம் வருகிறவனுக்கு இறக்கம் 97 விழுக்காட்டில் நின்றுவிடும். திறந்த டிராக்கரில் பழைய பாடல் தொகுப்புகளைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்த 97 நன்றாகத் தெரியும்.

மூடிய டிராக்கர்கள் இந்த ஓட்டையை அடைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டன. கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறார்களே, அதே நோட்டுதான். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்று தனியாகவே நடக்கும். யார் எவ்வளவு வைத்தார் என்ற நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, வைத்தவர் வீட்டு விருந்துக்கு அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பிட்டோரண்டின் ஞாபகசக்தி 10 நொடி. மொய் நோட்டுக்கு ஒரு தலைமுறை.

நோட்டு எழுதப்படும் விதம் பலருக்குத் தெரியாது. நீங்கள் இறக்கும் டோரண்ட் கோப்புக்குள் உங்களுக்கென்று ஒரு ரகசியச் சாவி பொதிந்திருக்கும். உங்கள் மென்பொருள், வழக்கமாக அரைமணிக்கு ஒருமுறை, அந்தச் சாவியைக் காட்டி டிராக்கரிடம் கணக்கு ஒப்பிக்கும்: இவ்வளவு ஏற்றினேன், இவ்வளவு இறக்கினேன், இன்னும் இவ்வளவு பாக்கி. கோப்பில் 'பிரைவேட்' என்ற குறி இருப்பதால், டிராக்கருக்குத் தெரியாமல் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் மற்ற வழிகளை மென்பொருள் மூடிவிடும். கவனியுங்கள், ஏற்றிய கணக்கைச் சொல்வது நீங்களே. மொய் வைத்தவரே தன் பெயருக்கு நேரே தொகையை எழுதிக்கொள்வது போலத்தான். பொய்க் கணக்கு ஒப்பிக்கும் மென்பொருள்கள் இதனால்தான் முளைத்தன. யாரும் இறக்காத கோப்பில் 50 ஜிகாபைட் ஏற்றினேன் என்று ஒருவன் சொன்னால் எதிர்க்கணக்கு இடிக்கும். பெரும்பாலும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த முறையைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது ஓயிங்க் என்ற இசை டிராக்கர். ஆலன் எல்லிஸ் என்ற இளைஞர் 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கினார். 2007 அக்டோபரில் போலீஸ் வந்து மூடியது. மோசடிச் சதி என்று போட்ட வழக்கில் 2010 ஜனவரியில் எல்லிஸ் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானது. ஓயிங்க் விழுந்த அதே மாதம் எழுந்தது வாட்.சிடி என்ற இசை டிராக்கர். அங்கே ரேஷியோ வரம்பு எல்லாருக்கும் ஒன்றல்ல. கொஞ்சம் இறக்கியவருக்கு வரம்பே இல்லை, கூட இறக்க இறக்க ஏறும், உச்சம் 0.60. அதோடு, இறக்கியவற்றில் எத்தனையை இன்னும் சீட் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதாவது பிறருக்காகத் திறந்து வைத்திருக்கிறீர்கள், என்று பார்த்து அந்த வரம்பையும் தளர்த்துவார்கள். இது நல்ல யோசனை. கடைசியில் திரும்ப வருகிறேன். 2016 நவம்பரில் வாட்.சிடியும் மூடியது. அன்றைக்கு அங்கே ரேஷியோ 20 வைத்திருந்தவரும் 0.6-இல் தொங்கிக்கொண்டிருந்தவரும் ஒன்றுதான். நோட்டோடு சேர்த்து மொய்யும் போயிற்று.

அந்த 0.60 ஏன் 1 ஆக இல்லை? இங்கேதான் கணக்கு சுவையாகிறது. ஐந்து பேர் மட்டும் உள்ள டிராக்கர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 1 ஜிகாபைட் கோப்பைப் போடுகிறார், மற்ற நால்வரும் எடுக்கிறார்கள். எடுத்தது மொத்தம் 4 ஜிகாபைட். கொடுத்ததும் மொத்தம் 4 ஜிகாபைட்தான், ஒரு பைட் கூட இருக்க முடியாது. போட்டவரே அதில் 2 ஜிகாபைட் கொடுத்துவிட்டார் என்றால் மற்ற நால்வருக்கும் சேர்த்து மீதி 2. அவர்களின் சராசரி 0.5. அந்த நால்வரில் சோம்பேறி யாரும் இல்லை, நாள் முழுக்கத் திறந்து வைத்திருந்தார்கள், ஆனாலும் 0.5. எல்லாரும் 1-க்கு மேலே இருக்க வேண்டும் என்று விதி போட்டால், அந்த விதியை மீறுவது உறுப்பினர் அல்ல, கூட்டல் கழித்தல்.

தோட்டங்களில் கூட்டு கட்டியவர்களுக்கு இது புரியும். பத்துப் பேர் மாதம் 50 வெள்ளி போட்டு, மாதம் ஒருவர் 500 வெள்ளி எடுப்பார். முதலில் எடுத்தவர் கடனாளி, கடைசியில் எடுப்பவர் கடன் கொடுத்தவர். இரண்டு வகையும் இல்லாமல் கூட்டு நடக்காது. எடுத்த மறுமாதம் ஆளையே காணோம் என்பதும் உண்டு. அந்தச் சண்டைகளைப் பார்த்துத்தானோ என்னவோ, மலேசியாவில் 1971-இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் என்று ஒன்று வந்தது. 'கூட்டு' என்ற சொல்லே அந்த ஆங்கிலச் சட்டத்தின் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது. டிராக்கரில் இப்படி எடுத்துவிட்டு ஓடுவதற்கு 'ஹிட் அண்ட் ரன்' என்று பெயர். இறக்கிய கோப்பை இத்தனை மணி நேரம் சீட் செய்யாமல் போனால் எச்சரிக்கை வரும். 72 மணி நேரம் என்பது பல இடங்களில் வழக்கம்.

எல்லாருடைய கணக்கையும் சேர்த்தால் ரேஷியோ எப்போதும் 1-தான் என்பதால் டிராக்கர் நடத்துகிறவர்கள் காசு அச்சடிக்க வேண்டியிருக்கிறது. சேரும்போது சில ஜிகாபைட்டை இனாமாக எழுதுவார்கள். சில கோப்புகளை 'ஃபிரீலீச்' என்று அறிவிப்பார்கள். அவற்றை இறக்கினால் இறக்கக் கணக்கு ஏறாது, ஏற்றினால் ஏற்றக் கணக்கு ஏறும். திறந்து வைத்திருக்கும் நேரத்துக்குப் போனஸ் புள்ளி கொடுத்து, அதை ஏற்றக் கணக்காக மாற்றிக்கொள்ள விடுவார்கள். இவற்றைச் சலுகை என்று நினைக்கிறோம். உண்மையில் இவை இல்லாவிட்டால் டிராக்கர் படுத்துவிடும். ரேஷியோ 30 வைத்திருக்கும் பெரிய மனிதர் அதைச் செலவழிக்காமல் வைத்திருந்தால், அவர் சேர்த்தது யாரோ சிலரின் பற்றாக்குறை.

இனி கம்பிக்கு வருவோம்.

சிலிம் ரிவர் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவே ரயில் நிற்கும் ஊர். 1942 ஜனவரி 7-இல் ஜப்பானிய டாங்கிகள் விடியலுக்கு முன் இந்த வழியாகப் புகுந்து பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சிதறடித்ததற்காக வரலாற்றுப் புத்தகத்தில் பெயர் வந்த ஊர். சுற்றிலும் ரப்பர், பிறகு செம்பனை. 2000-களில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்தது தொலைபேசிச் செப்புக் கம்பி. அதில் ஓடிய ஏடிஎஸ்எல் என்ற நுட்பம் பிறவியிலேயே ஓரவஞ்சனை கொண்டது. கம்பியின் அலைவரிசையில் 138 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு சிறு துண்டை ஏற்றத்துக்கு விட்டு, அதற்கு மேல் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பெரும்பகுதியை இறக்கத்துக்கு வைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் படிப்பவர், பார்ப்பவர். அனுப்ப அவரிடம் என்ன இருக்கிறது என்ற எண்ணம். எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் போகப் போக அதுவும் தேயும். தோட்டப்புறம் எப்போதும் எக்ஸ்சேஞ்சுக்குத் தூரம்தான்.

அக்காலத்து ஸ்ட்ரீமிக்ஸ் இணையச் சேவையின் 1 மெகாபிட் திட்டத்தில் ஏற்றம் 384 கிலோபிட். ஒரு டிவிடி அளவுக் கோப்பு 4.7 ஜிகாபைட். இறங்கப் பத்தரை மணி நேரம். அதே அளவைத் திருப்பிக் கொடுக்க 27 மணி நேரம். அதுவும் கம்பியை முழுக்க ஏற்றத்துக்கே விட்டால்தான். அப்படி விட்டால் இறக்கமும் மூச்சுத் திணறும், ஏனென்றால் 'வந்து சேர்ந்தது' என்று சொல்லி அனுப்பும் சிறு பதில்களும் அதே ஒடுக்கு வழியில்தான் போக வேண்டும். ஆகவே ஏற்றத்தை 80 விழுக்காட்டில் கட்டி வைப்போம். 34 மணி நேரம்.

மாலை மூன்று மணிக்கு வானம் கறுத்தால் அம்மா முதலில் பிடுங்குவது மோடத்தின் வயரை. பேராக்கின் இடி சும்மா இடிக்காது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைக் கருக்கிவிடும். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு போயிருக்கின்றன. இடி ஓய்ந்து, திரும்பச் செருகி, மென்பொருள் டிராக்கரைக் கண்டுபிடித்து ஏற்றம் தொடங்க ஆறு மணி ஆகும். 100 வாட் கணினியை மாதம் முழுக்க அணைக்காமல் வைத்தால் 72 யூனிட். அன்றைய முதல் படிக் கட்டணம் யூனிட்டுக்கு 21.8 சென் என்றால் ஏறக்குறைய 15 வெள்ளி 70 சென். அப்பா பில்லை எடுத்துக்கொண்டு வந்து கேட்டபோது, ரேஷியோவைப் பற்றி நான் சொன்ன விளக்கம் எடுபடவில்லை.

2010 மார்ச்சில் யூனிஃபை என்ற ஃபைபர் இணையச் சேவை வந்தது. முதலில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், பங்சார், சுபாங் ஜெயா, ஷா ஆலம். 149 ரிங்கிட்டுக்கு 5 மெகாபிட், அதுவும் இறக்கமும் ஏற்றமும் சமமாக. பங்சாரில் இருந்தவருக்கு அந்த 4.7 ஜிகாபைட்டைத் திருப்பிக் கொடுக்க இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம். அவர் வீட்டு ஃபைபர் இடிக்கும் பயப்படாது. அவரும் நானும் ஒரே டிராக்கரில், ஒரே விதிக்குக் கீழே. அவர் 'தாராளமானவர்'. நான் சிவப்பு.

என் அம்மா பால்வெட்டியவர். கூலி நிறுவைக்கு என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியலுக்கு முன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு. நிரை நிரையாக 400, 500 மரம். பிறகு பாலை எடுத்துக்கொண்டு போய்த் தோட்டக் கணக்கரான கிராணி முன்னால் நிற்க வேண்டும். அவர் நிறுப்பார், மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை விட்டுப் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். தண்ணீர் கலந்தால் அது காட்டிவிடும். பொய்க் கணக்குக்காரனை டிராக்கர் பிடிப்பது போலத்தான். ஆனால் மெட்ரோலாக் காட்டாத ஒன்று உண்டு. இளமர நிரை கிடைத்தவருக்குப் பால் பொங்கும். கிழட்டு மர நிரை கிடைத்தவர் அதே நேரத்துக்கு எழுந்து, அதே எண்ணிக்கை மரத்தை வெட்டி, பாதி வாளியோடு வருவார். வெயில் ஒன்று, முதுகுவலி ஒன்று, நிறுவை வேறு.

டிராக்கரிலும் இளமரம், கிழட்டு மரம் உண்டு என்பதை ஆதாரத்தோடு காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. இயன் காஷ், ஜான் லாய், ஹாவோச்சி ஜாங், அவிவ் ஜோஹர் ஆகியோர் டைம் என்ற டிராக்கரை அரை ஆண்டு கவனித்து 2012-இல் வெளியிட்டது. டைமில் மேடைக் கச்சேரிப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்வார்கள். ஆய்வாளர்கள் கண்டது இது: இறக்கும்போது எல்லாக் கோப்புக்கும் விலை ஒன்றே, அளவைப் பொறுத்த விலை. ஆனால் சீட் செய்து திருப்பிச் சம்பாதிக்கப் போனால், புதிய கோப்பு பழையதைவிடக் கணிசமாக அதிகம் தரும். உறுப்பினர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. ஃபிரீலீச் அறிவித்த நாட்களில் அவர்கள் தேடிப் போனது பழைய கோப்புகளை. மற்ற நாட்களில் பழையதை எடுத்தால் திருப்பி விற்க ஆள் வராது, கடன்தான் மிஞ்சும். மெதுவான இணைப்பு உள்ளவர்களும் அடிக்கடி உள்ளே வராதவர்களும் படும் பாட்டையும் அந்த ஆய்வு எடுத்துப் பேசுகிறது. அதைப் படித்தபோது சிலிம் ரிவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்றே தோன்றியது.

தமிழுக்கு இது இன்னும் கடுமை. தெற்காசியப் படங்களுக்கும் பாட்டுகளுக்கும் டெசிடோரண்ட்ஸ் போன்ற மூடிய டிராக்கர்கள் இருந்தன. ஆங்கிலக் கோப்புக்கு ஆண்டு முழுக்க யாராவது வருவார்கள். தமிழ்க் கோப்புக்கு முதல் இரண்டு நாள் திருவிழா, மூன்றாம் நாள் காய்ந்த குளம். அந்த இரண்டு நாளில் கொடுக்கக்கூடிய வேகமுள்ள கம்பி இருந்தால் உண்டு. இல்லாவிட்டால், 1950-களின் பாடல் தொகுப்பை மூன்று ஆண்டு திறந்து வைத்திருந்தாலும் உங்கள் கணக்கில் ஏறுவது சில நூறு மெகாபைட்.

இளமர நிரையை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்தவர்களும் வந்தார்கள். நெதர்லாந்திலோ பிரான்ஸிலோ தரவு மையத்தில் ஒரு வழங்கியை மாத வாடகைக்கு எடுத்து, அதிலேயே டோரண்டை ஓட்டுவது. அதற்கு சீட்பாக்ஸ் என்று பெயர். புதிய கோப்பு வந்த நொடியிலேயே தானாகப் பிடித்துக்கொள்ளும்படி நிரல் எழுதி வைப்பார்கள். முதல் பத்து நிமிடத்தில் வரும் கூட்டத்துக்கு இவர்களே கொடுத்து முடித்துவிடுவார்கள். வீட்டுக் கம்பிக்காரன் வந்து சேரும்போது கொடுப்பவர்கள் (சீடர்) 40, இறக்குபவர்கள் (லீச்சர்) 2. சீட்பாக்ஸால் எல்லாருக்கும் வேகம் கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மாதம் சில யூரோ கொடுத்து நல்ல பெயரை வாடகைக்கு எடுக்கலாம் என்றான பிறகு, அந்த எண்ணை வைத்து ஒருவருடைய குணத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை.

சரி, விதி இருக்கிறபடியே இருக்கட்டும், சிறிய கம்பிக்காரன் எப்படிப் பிழைப்பது? என் அனுபவத்தில் முதல் மாதம்தான் எல்லாம். சேர்ந்த உற்சாகத்தில் 40 ஜிகாபைட்டை இறக்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்களே அதிகம். முதலில் ஃபிரீலீச் கோப்புகளை மட்டும் எடுத்து, எதையும் அழிக்காமல் திறந்து வையுங்கள். போனஸ் புள்ளி கொடுக்கும் டிராக்கர் என்றால், பெரிய கோப்பு ஒன்றைவிடச் சிறிய கோப்புகள் பலவற்றை நெடுநாள் வைத்திருப்பது மெதுவான கம்பிக்கு லாபம். புள்ளிக்கு நேரம்தான் கணக்கு, வேகம் அல்ல. உங்களிடம் மட்டும் இருக்கும் ஒன்றை, கொடுக்க உங்களுக்கு உரிமையும் உள்ள ஒன்றை, நீங்களே போடுங்கள். முதல் பிரதி உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும் என்பதால், 384 கிலோபிட்டானாலும் ஊர் காத்திருக்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: போர்ட். வெளியிலிருந்து வரும் அழைப்பை உங்கள் ரூட்டர் உள்ளே விடாவிட்டால், நீங்களாகப் போய்க் கதவைத் தட்டினால்தான் தொடர்பு. இரண்டு பேரும் இப்படிக் கதவடைத்தவர்கள் என்றால் ஒருவரோடொருவர் பேசவே முடியாது. கம்பி வராத இடங்களில் கைப்பேசி இணையத்தை நம்பியிருப்பவர்களுக்கு இது பெரிய அடி. அங்கே ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகள் இருக்கும். போர்ட்டைத் திறக்கும் சாவி வாடிக்கையாளர் கையில் இருக்காது. ஐபிவி6 கிடைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். ஏற்றம் வரவில்லை என்று புலம்பிய நண்பர்களில் பாதிப் பேருக்கு நான் செய்து கொடுத்தது ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்ததுதான்.

இவ்வளவு குறை சொன்னாலும் ரேஷியோ வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நசரேனோ அந்திராடேயும் கூட்டாளிகளும் 2005-இலேயே, ரேஷியோ கேட்கும் இடங்களில் மக்கள் கூடுதலாக சீட் செய்வதைக் காட்டினார்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தினர் மூடிய டிராக்கரையும் திறந்த டிராக்கரையும் ஒப்பிட்டு 2010-இல் எழுதியபோது, மூடிய இடத்தில் வேகம் பல மடங்கு என்று கண்டார்கள். அதே டெல்ஃப்டிலிருந்து ஓர் ஆண்டு கழித்து வந்த ஆய்வு மறுபக்கத்தைச் சொன்னது: இறக்கம் மின்னல், சீட் செய்வதோ முடிவில்லாதது. எல்லாரும் கொடுக்கக் காத்திருக்கிறார்கள், வாங்க ஆள் இல்லை. கணினிகள் ராத்திரி பகலாக எரிகின்றன, ஏற்றம் நடப்பதில்லை. கொடுப்பவரைக் கூட்ட வந்த விதி, கொடுப்பவர் வரிசையை நீளமாக்கிவிட்டது.

சட்டத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது, ஏனென்றால் ரேஷியோ அங்கேயும் ஒரு வேலை செய்கிறது. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் 5 வெள்ளிக்கு டிவிடி வாங்கியவர் வாங்கியவர்தான், விற்றவர் வேறு. லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள் 2007-இல் ஜொகூர் பாருவில் மோப்பம் பிடித்துத் திருட்டு டிஸ்க் கிடங்குகளைக் கண்டுபிடித்தன. அவற்றின் தலைக்குக் கும்பல்கள் விலை வைத்ததாகச் செய்தியும் வந்தது. அந்த நாய்கள் தேடியது விற்பவனை. ரேஷியோ கேட்கும் டிராக்கரில் வாங்குபவனே விற்பவனும் ஆகிறான். எடுத்ததற்குச் சமமாகப் பிறருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கொடுப்பது என்றால் சட்டத்தின் கண்ணில் விநியோகம். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒவ்வொரு திருட்டுப் பிரதிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2011-இல் பைரட் பே என்ற டோரண்ட் தளம் உள்ளிட்ட 10 தளங்களை முடக்கச் சொல்லி உத்தரவு போனது. பதிலுக்கு அனானிமஸ் என்ற ஹேக்கர் கும்பல் அந்த ஆண்டு ஜூனில் அரசுத் தளங்களைத் தாக்கியது. ரேஷியோ 5 என்று பெருமையாகக் காட்டுகிறவர், தான் எடுத்ததைப் போல ஐந்து மடங்கு விநியோகித்ததாகத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார். கச்சேரிப் பதிவுக்கும் லினக்ஸுக்கும் இந்தப் பயம் வேறு, புதுப்படத்துக்கு வேறு.

என் தீர்ப்பு இதுதான். ரேஷியோ என்பது கிராணியின் தராசு. பாலை நிறுக்கும், உழைப்பை நிறுக்காது. தராசு பொய் சொல்வதில்லை. ஆனால் எந்த நிரை யாருக்குக் கிடைத்தது என்பது அதற்குத் தெரியாது. அளக்க வேண்டியது திறந்து வைத்திருந்த நேரத்தை. 384 கிலோபிட்டில் 300 நாள் ஒரு பழைய பதிவை உயிரோடு வைத்திருப்பவர், முதல் பத்து நிமிடத்தில் 50 ஜிகாபைட் தள்ளிவிட்டுப் போன சீட்பாக்ஸைவிட அந்தக் கோப்புக்கு அதிகம் செய்தவர். வாட்.சிடி வரம்பைத் தளர்த்தியபோது பாதி தூரம் இதை நோக்கி வந்தது. போனஸ் புள்ளி இன்னும் கொஞ்சம் வந்தது. இன்று சில டிராக்கர்கள் ரேஷியோவையே எடுத்துவிட்டு, எடுத்த கோப்பை இத்தனை நாள் வைத்திரு என்று மட்டும் கேட்கின்றன. தோட்டத்தில் நிறுவைக்கு மேலே நாள் சம்பளம் கேட்டுத் தொழிற்சங்கங்கள் பேசியதும் ஏறக்குறைய இதே காரணத்துக்குத்தான். நாள் சம்பளம் என்றால் சோம்பேறிக்கு லாபம் என்ற பழைய எதிர்வாதம் இங்கேயும் வரும். வரட்டும். தூங்கும் கணினிக்கு டிராக்கர் நேரம் எழுதாது. விழித்திருந்து கணக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கும் கணினிக்குத்தான் எழுதும்.

வாசகரில் யாராவது ஃபைபர் வைத்திருந்தால் ஒன்று செய்யலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 ஆகஸ்ட்டிலிருந்து தன் தொகுப்புகளுக்கு டோரண்டும் தருகிறது. பதிப்புரிமை முடிந்த தமிழ் நூல்கள், நாட்டுடைமையான நூல்கள் அங்கே உண்டு. ஒன்றை எடுத்து, ஒரு மாதம் மூடாமல் வைத்திருங்கள். போர்ட்டைத் திறந்துவிட மறக்காதீர்கள். ரேஷியோ அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.